யாழ்ப்பாணத்தில் இறக்கம் இல்லை

சுவிஸ் மலையூரான சமேடனில் றெஜினோல்டைத் தெரியாத ஆள் கிடையாது. அப்படி யாராவது இருந்தால், அவரைத் தேடிப் போய்த் தன்னைத் தெரியப்படுத்தாமல் மனிசன் வீட்டுக்குத் திரும்பாது. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். யாழ்ப்பாணத்தில் வாடகைக் கார் ஓடினவர். ஒரு தோள்பையோடு சுவிஸுக்கு வந்து, எங்கடின் பள்ளத்தாக்கில் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக் கூடத்தில் ஈரத் துணி தூக்கத் தொடங்கி, முப்பது வருசத்தில் அந்தக் கூடத்துக்கே தலைவராகி ஓய்வு பெற்றவர். நாலு பாஷை கதைப்பார். நாலும் நொண்டும். ஆனால் சத்தம் குறையாது.

"என்னைப் படிப்பிச்சது ஆர்? நான்தான். எனக்கு வேலை பழக்கினது ஆர்? அதுவும் நான்தான்," என்பார். சுவிஸ்காரரிடம் இதையே சுருக்கி, நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டி, "அல்லெஸ் இஹ்!" என்பார். எல்லாம் நான் என்று அர்த்தம். அந்த இரண்டு சொல்லும் ஊருக்குள் அவருக்குப் பட்டப்பெயராகவே ஆகிவிட்டது. ரொட்டிக்கடைக்காரி கூட, "குட்டன் மோர்கன், ஹெர் அல்லெஸ் இஹ்" என்றுதான் வரவேற்பாள். அவருக்கு அது பெருமையாகவே இருந்தது.

பெருமைப்படக் காரணமும் இருந்தது என்று சொல்லத்தான் வேண்டும். ஹோட்டலின் பின்பக்கக் கொட்டிலில் ஒரு கார் முப்பது வருசமாகச் செத்துக் கிடந்தது. பிளிமத் வேலியண்ட், அறுபத்து நாலாம் ஆண்டுக் கார். அமெரிக்காவிலிருந்து துண்டு துண்டாகப் பெட்டியில் வந்து, இங்கே ஆர்காவ் மாநிலத்தில் பூட்டப்பட்டது. "அமெரிக்காவிலை பிறந்து ஆராவுக்குப் பக்கத்திலை வளந்த பிள்ளை," என்று றெஜினோல்ட் அதற்குச் சாதகம் சொல்லுவார். ஹோட்டல் கை மாறினபோது, கொட்டிலை வெறுமையாக்கித் தந்தால் காரைக் கொண்டுபோகலாம் என்றார்கள். கொண்டுபோனார்.

சீற்றுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. வயர்களை மரநாய் கடித்துத் துப்பியிருந்தது. காலை வைத்தால் அடித்தகடு வழியாகத் தரை தெரிந்தது. ஓய்வூதியத்தை வைத்துக்கொண்டு கராஜுக்கா கொடுக்க முடியும்? தகடு ஒட்டப் பழகினார். ஹோட்டல் எறிந்த பச்சை வெல்வெட் திரைச்சீலைகளை எடுத்துவந்து மனைவி செசீலியாவைக் கொண்டு சீற்றுக்கு உறை தைப்பித்தார். கூரையின் உட்பக்கத்துக்கு ஹோட்டல் படுக்கை விரிப்பு. குரோமியம் எல்லாம் சாம்பலும் எலுமிச்சம் பழமும் போட்டுத் தேய்த்த பளபளப்பு. மூன்று வருசம் போனது. இந்த வசந்தத்தில் வாகனப் பரிசோதனைக்குக் கொண்டுபோனார். பரிசோதகர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார், தலையை ஆட்டினார். தேறிவிட்டது.

அதன் பிறகு அவரைப் பிடிக்க ஏலுமா? ஆராவில் தமிழ்க் கத்தோலிக்கர் மாதா திருநாள் கொண்டாடுவார்கள். பூசை முடிய, பாதர் வாகனங்களுக்குத் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். "இந்த முறை என்ர வேலியண்ட் வருது. இடம் விட்டு வையுங்கோ," என்று றெஜினோல்ட் ஆராவ் முழுக்க ஃபோன் போட்டுச் சொல்லி வைத்தார்.

சொல்லி வைத்த பிறகுதான் முன் இடது சில்லுக்குள் ஈரம் கண்டார்.

பிரேக் எண்ணெய் கசிகிறது. கழற்றினார். உள்ளே இருந்த றப்பர்களில் கறுப்புப் பிசின். புது றப்பர் அமெரிக்காவிலிருந்து வரவேண்டும், திருநாளுக்கு வந்து சேராது. அவர் கலங்கவில்லை. ஊரில் பொருளாதாரத் தடைக் காலத்தில் என்ன இருந்தது? பெற்றோல் இல்லை, உதிரிப்பாகம் இல்லை, ஒன்றும் இல்லை. கார்பரேற்றருக்குள் ஒரு சொட்டுப் பெற்றோல் விட்டு இயந்திரத்தை எழுப்பி, மிச்சத்தை மண்ணெண்ணெயில் ஓடின ஆள் அவர். பழைய பிரேக் றப்பரை அதே மண்ணெண்ணெயில் ஊறப்போட்டால், கொஞ்சம் பருத்து இறுக்கமாக உட்காரும், கசிவு நிற்கும். எத்தனை ஓஸ்ரின் கேம்பிறிட்ஜ் காருக்குச் செய்திருக்கிறார்! ஒரு சில்லுக்குச் செய்கிறவன் நாலுக்கும் செய்தால் என்ன? நாலு சில்லு றப்பரையும், பிரேக் மிதியோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டர் றப்பரையும் சேர்த்து ஊறப்போட்டார்.

"வீடெல்லாம் மண்ணெண்ணெய் மணக்குது. என்ன செய்யிறியள்?" என்று செசீலியா கேட்டாள்.

"உனக்கு விளங்காத அலுவல்," என்றார்.

கசிவு நின்றது. ஆனால் அந்தக் கிழமையே அவருக்குக் கண்புரை ஒப்பரேசன். புதுக் கண்ணால் மலை உச்சியில் நிற்கிற ஆட்டின் தாடி கூடத் தெரிந்தது. அதையும் நாலு பேருக்குச் சொன்னார். டாக்டரோ, கொஞ்ச நாளைக்குக் கார் ஓடவே கூடாது என்றுவிட்டார். ஆராவில் மருந்துக்கடையில் வேலை செய்கிற மகள் சுஜானி லீவு எடுத்துக்கொண்டு வந்தாள், தானே ஓடுகிறேன் என்று.

"சரி, நான் பக்கத்திலை இருந்து சொல்லித் தாறன்," என்றார் றெஜினோல்ட்.

"அப்பா பக்கத்திலை இருந்தா நான் ஓடமாட்டன்."

"ஏனடி?"

"ரோட்டு முழுக்கக் கத்துவியள். போன முறை சுப்பர்மார்க்கெற்றிலை தள்ளுவண்டி தள்ளினதுக்கே கத்தினனீங்கள்."

"என்ர காரிலை நான் பக்கத்துச் சீற்றிலை இருக்கிறதே ஒரு அவமானம். நீங்களே போங்கோ. நான் ரயிலிலை வாறன்," என்று அவரும் முறுக்கிக்கொண்டார். சுஜானி கைப்பையைப் பின் சீற்றில் எறிந்துவிட்டு ஏறினாள். செசீலியா செபமாலையை எடுத்துக்கொண்டு, கைத்தொலைபேசியை நிற்பாட்டிவிட்டு முன்னால் ஏறினாள். செபமாலை முடியும்வரை அவள் எவருக்கும் கதைக்க மாட்டாள். சாதாரண ரோட்டுக்கு ஒரு செபமாலை. அல்புலாக் கணவாய்க்கு நாலு வகைத் தேவ இரகசியமும் சொல்லத் தீர்மானித்திருந்தாள்.

கார் புறப்பட்டது. வெண்ணெய் நிறத்தில் ராசா மாதிரிப் போனது. ஒன்றை மட்டும் றெஜினோல்ட் கவனித்தார். முன்பெல்லாம் பிரேக்கை விட்டதும் வழுக்கிக்கொண்டு ஓடும் கார், இன்றைக்கு ஆரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரிக் கனத்து நகர்ந்தது. பிள்ளைக்கு கிளச் விடத் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

ரயிலில் சிவலிங்கம் இருந்தான். எங்கடினில் மஞ்சள் தபால் பஸ் ஓடுகிறவன், சாரதிகளுக்குள் ஒரே தமிழன். திரிம்பாக் அம்மன் கோயிலுக்குப் போக, மடியில் ஒரு துணிப்பை நிறையத் தேங்காயோடு உட்கார்ந்திருந்தான்.

"என்ன றெஜி அண்ணை, ராசவாகனம் எங்கை? கால்நடையா வாறியள்?"

"வாகனம் முன்னாலை போகுது. நான் காவலுக்குப் பின்னாலை வாறன்," என்றார் றெஜினோல்ட். பிறகு கேட்க வேண்டுமா? தகடு ஒட்டின கதை, திரைச்சீலைக் கதை, சாம்பல் கதை. பேவர் நிலையம் தாண்டினது. சிவலிங்கம் யன்னலால் பார்த்து "ம்" கொட்டிக்கொண்டிருந்தான். கடைசியில் பிரேக் கதை வந்தது.

"றப்பருக்கு அமெரிக்காவுக்கு எழுதுறதாம்! நான் ஆர்? நாலு சில்லு றப்பரையும் மண்ணெண்ணெயிலை ஊறவிட்டன். சொட்டுக் கசிவு இல்லை இப்ப."

சிவலிங்கம் யன்னலிலிருந்து திரும்பினான்.

"என்னத்திலை ஊறவிட்டனீங்கள்?"

"மண்ணெண்ணெயிலை. ஊரிலை செய்யிறதுதானே."

"எப்ப?"

"போன கிழமை."

சிவலிங்கம் தேங்காய்ப் பையைப் பக்கத்துச் சீற்றில் வைத்தான். அவன் முகத்தில் பகிடி போய்விட்டது. "அண்ணை, உங்கட ஆக்கள் எந்த ரோட்டாலை போகினம்? யூலியர்க் கணவாயாலையோ?"

"அல்புலாவாலை. சுஜானிக்குப் படம் எடுக்கவேணுமாம்."

"அந்த றப்பர் ஊதும், அண்ணை. எண்ணெய் குடிச்சு ஊதும்."

"ஊதத்தானே வேணும்? ஊதினாத்தானே கசியாது?"

"ஊதினா, மிதிச்ச பிரேக் திரும்பி வராது. காலை எடுத்தாலும் பிடிச்சபடி நிக்கும். உரஞ்சி உரஞ்சிச் சூடாகும். சூடு ஏற ஏற பிரேக் ஒயில் கொதிக்கும். கொதிச்சா மிதி பஞ்சு மாதிரிப் போகும். எங்கட கராஜிலை ஒரு றப்பரிலை மண்ணெண்ணெய் பட்டாலே குப்பையிலை எறிவினம்."

"எத்தனை காருக்குச் செய்தனான், சிவலிங்கம்! ஒண்டுக்கும் ஒண்டும் நடக்கேல்லை!"

"அங்கை நீங்கள் எந்த மலையாலை இறங்கினனீங்கள்?"

றெஜினோல்ட் சொல்ல யாழ்ப்பாணத்தில் ஒரு மலையைத் தேடினார். ஆரியகுளத்திலிருந்து கோப்பாய் வரைக்கும், கோப்பாயிலிருந்து பருத்தித்துறை வரைக்கும் மனதால் ஓடிப் பார்த்தார். தோசைக்கல் மாதிரித் தட்டையான நிலம். அதிலும் தடைக் காலத்தில், சைக்கிள்காரன் முந்திப் போகிற வேகம். பிரேக் பிடித்தால் என்ன, பிடிக்காவிட்டால் என்ன. அவர் செய்த வேலை ஒருநாளும் சோதிக்கப்படவே இல்லை. காலையில் கார் கனத்து நகர்ந்தது நினைவுக்கு வந்தது.

அந்த நேரம் பார்த்து ரயில் சுரங்கத்துக்குள் புகுந்தது.

அல்புலாச் சுரங்கத்தை அவர் எத்தனையோ தரம் கடந்திருக்கிறார். அது இவ்வளவு நீளம் என்று அவருக்குத் தெரியாது. கறுத்த யன்னலில் தன் முகமே திரும்பித் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்க்க முடியாமல் ஃபோனை எடுத்தார். செசீலியாவின் ஃபோன் நிற்பாட்டிக் கிடந்தது. சுஜானியின் ஃபோன் அடித்தது, அடித்து ஓய்ந்தது. பின் சீற்றில் கைப்பைக்குள் கிடந்து அது அடிப்பது அவருக்குக் கண்ணால் பார்க்கிற மாதிரித் தெரிந்தது. திரும்ப அடித்தார். திரும்ப ஓய்ந்தது.

"பொலிசுக்கு எடுங்கோ அண்ணை," என்றான் சிவலிங்கம்.

எடுத்தார். மறுமுனையில் ஒரு பெண்குரல் ஜெர்மனில் கேட்டது. றெஜினோல்டுக்கு நாலு பாஷையில் ஒன்றுகூட வரவில்லை. மூச்சு மட்டும் ஃபோனுக்குள் போனது. சிவலிங்கம் ஃபோனைப் பிடுங்கிக் கதைத்தான். வெண்ணெய் நிறம், பழைய அமெரிக்கக் கார், இரண்டு பொம்பிளைகள், பிரேக் பழுது. எங்கே என்று கேட்டார்கள். கணவாய்க்கும் பேர்கூனுக்கும் இடையில் எங்கேயோ. பொலிஸ் வாகனம் கீழே தீஃபன்காஸ்டலில் நிற்கிறதாம், அனுப்புகிறார்களாம்.

"வர நேரம் எடுக்கும்," என்றான் சிவலிங்கம். பிறகு சொல்லியிருக்கத் தேவையில்லாத ஒன்றையும் சொன்னான். "பேர்கூனுக்குக் கீழைதான் அண்ணை பயம். ஒரு பக்கம் கல்லு மதில், மற்றப் பக்கம் ஒண்டும் இல்லை. பஸ்ஸிலை போகவே எனக்கு உள்ளங்கை வேர்க்கும்."

சுரங்கம் முடிந்து பிரேடாவில் வெளிச்சம் வந்தது. றெஜினோல்ட் யன்னலை இழுத்து இறக்கித் தலையை வெளியே போட்டார். அங்கிருந்து பேர்கூன் மட்டும் ரயில் நேரே இறங்காது. மலைக்குள் புகுந்து சுற்றி வெளியே வரும், பாலத்தால் பள்ளத்தைத் தாண்டும், திரும்பப் புகும். ரோடு ஒருதரம் வலப்பக்கம் வரும், ஒருதரம் இடப்பக்கம், ஒருதரம் காலுக்குக் கீழே. உல்லாசப் பயணிகள் இதைப் பார்க்கவென்றே உலகம் சுற்றி வருகிறார்கள். பக்கத்துப் பெட்டியில் ஆரோ சந்தோசத்தில் கத்தினார்கள்.

முதல் வளைவில் ரோடு வெறுமை. அவருக்கு நம்பிக்கை வந்தது. ஒருவேளை மேலேயே நின்றுவிட்டார்கள். இரண்டாம் பாலத்தில் கண்டார். தூரத்தில், மேலே, ஊசிமரங்களுக்கு இடையில் வெண்ணெய்ப் பொட்டு. நகர்ந்தது.

"சுஜானி!" என்று கத்தினார். ரயில் சுரங்கத்துக்குள் இழுத்துக்கொண்டு போனது.

திரும்ப வெளிச்சம் வந்தபோது கார் மற்றப் பக்கத்தில் தெரிந்தது. இப்போது கிட்ட. அந்தப் புதுக் கண் இருக்கிறதே, ஆட்டின் தாடி பார்த்த கண், அது எல்லாவற்றையும் காட்டியது. முன் இடது சில்லிலிருந்து நூல் மாதிரிப் புகை. பழைய கண்ணாயிருந்தால் தெரிந்திராது. அவர் கையால் அந்தக் கண்ணைப் பொத்தினார். பொத்தினபடியே, "மாதாவே, மாதாவே," என்று முனகினார். செசீலியாவின் செபத்துக்கு ஒருநாளும் முழங்கால் மடிக்காத மனிசன்.

"ஒண்டாம் கியர் போட்டா இயந்திரம் பிடிக்கும்தானே?" என்று சிவலிங்கம் கேட்டான்.

"ஓடேக்கை ஒண்டாம் கியர் விழாது. பழைய கியர்ப் பெட்டி. இரண்டுதான். கைப்பிரேக்கும் சூடான அதே சில்லுகளைத்தான் பிடிக்கும்." சொல்லும்போதே குரல் உடைந்தது.

பேர்கூன் நிலையத்தில் ரயில் முழுதாக நிற்குமுன் குதித்தார். சிவலிங்கம் தேங்காய்ப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் ஓடினான். நிலையத்திலிருந்து ஊருக்கு மேலே கணவாய் ரோட்டுக்கு ஒரு புல்வெளிச் சரிவால் வெட்டி ஓடினார்கள். அறுபத்தாறு வயது. முழங்கால் கத்தியது. அவர் கேட்கவில்லை.

முதலில் சத்தம் வந்தது. இரண்டாம் கியரில் இயந்திரம் ஊளையிடுகிற சத்தம். பிறகு வளைவால் கார் வந்தது. வேகமில்லை, ஆனால் நிற்கிற ஓட்டமும் இல்லை. சுஜானி ஸ்டியரிங்கோடு நெஞ்சை ஒட்டிக்கொண்டிருந்தாள். செசீலியாவின் செபமாலைக் கை யன்னலுக்கு வெளியே தொங்கியது.

றெஜினோல்ட் ரோட்டு நடுவில் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். நின்றால் கார் நின்றுவிடும் என்பது போல.

"விசரே அண்ணை உங்களுக்கு!" சிவலிங்கம் அவரைச் சட்டைக் கழுத்தில் பிடித்து இழுத்துப் புல்லில் விழுத்தினான். பிறகு பஸ்காரக் குரலில் கத்தினான். "பிள்ளை! வலப்பக்கம்! மேலை ஏத்து! வைக்கல் வண்டிப் பாதை!"

சுஜானி வெட்டினாள். கார் ரோட்டை விட்டுக் குதித்து, வைக்கோல் வண்டிப் பாதையில் மேல்நோக்கி ஏறியது. வேகம் செத்தது. இயந்திரம் இரண்டு தரம் இருமி நின்றது. ஒரு கணம் எல்லாம் அசையாமல் இருந்தது. பிறகு கார் மெதுவாகப் பின்னால் உருளத் தொடங்கியது, ரோட்டை நோக்கி, ரோட்டுக்கு அப்பால் இருந்த சரிவை நோக்கி.

றெஜினோல்ட் சிவலிங்கத்தின் தோளிலிருந்த பையைப் பிடுங்கினார். பின் சில்லுக்கு அடியில் திணித்தார். ஒரு தேங்காய் வெடித்துத் தண்ணீர் அவர் முகத்தில் அடித்தது. அடுத்ததும் வெடித்தது. மூன்றாவது வெடிக்காமல் நழுவிக் கல்லோடு இறுகியது. கார் அதில் ஏறப் பார்த்து, ஏற மனமில்லாமல், நின்றது. சிவலிங்கம் ஒரு பாறாங்கல்லைத் தூக்கி மற்றச் சில்லுக்கு வைத்தான்.

முன் சில்லு புகைந்துகொண்டிருந்தது. எங்கேயோ ஒரு பசுவின் மணி கிணுங்கியது.

"அம்மனுக்குக் கொண்டுபோன தேங்காய், அண்ணை," என்றான் சிவலிங்கம், மூச்சு வாங்கிக்கொண்டு. "பாதர் மந்திரிக்க முன்னம் அவ முந்தியிட்டா."

அதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை, அவனும் சிரிக்கவில்லை.

செசீலியா இறங்கினாள். செபமாலையை முத்தமிட்டுக் கழுத்தில் போட்டாள். சுஜானிக்குக் கதவைத் திறக்க விரல் வளையவில்லை. றெஜினோல்ட்தான் திறந்தார். அவள் இறங்கி நின்று அழத் தொடங்கினாள்.

"அப்பா, நான்தான். நான் கூட மிதிச்சிட்டன். இறக்கம் முழுக்கக் காலை எடுக்கேல்லை. உங்கட பிரேக்கை நான் பழுதாக்கிப்போட்டன். மூண்டு வருசம் செய்தனீங்கள்..."

சிவலிங்கம் றெஜினோல்டைப் பார்த்தான். பார்த்துவிட்டு, உடைந்த தேங்காயைப் பொறுக்கப் போவது போல அங்கால் திரும்பிக்கொண்டான். அவன் சொல்லப்போவதில்லை என்று றெஜினோல்டுக்கு விளங்கியது. ஆராவில் எல்லாருக்கும் சொல்லலாம், பிள்ளை கூட மிதிச்சுப்போட்டுது, இந்தக் காலத்துப் பிள்ளையள் என்று. ஒருவரும் கேள்வி கேட்கப் போவதில்லை.

கீழேயிருந்து பொலிஸ் வாகனம் வந்து நின்றது. இறங்கின இளைஞன் புகைகிற சில்லைப் பார்த்தான், தேங்காயைப் பார்த்தான், தேங்காயை இன்னொருதரம் பார்த்தான். என்ன நடந்தது, பிரேக்குக்கு என்ன ஆனது என்று ஜெர்மனில் கேட்டான். சுஜானி கண்ணைத் துடைத்துக்கொண்டு வாய் திறந்தாள்.

றெஜினோல்ட் அவளுக்கு முன்னால் வந்து நின்றார். கை பழக்கத்தில் நெஞ்சுக்குப் போனது. தட்டவில்லை. அங்கேயே ஒட்டி நின்றது.

"அல்லெஸ் இஹ்," என்றார், பக்கத்தில் நின்றவருக்குக் கூடக் கேட்காத குரலில்.

பொலிஸ்காரன் குனிந்து, "என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டான்.

திரும்பச் சொன்னார். பிறகு தமிழில் மகளுக்குச் சொன்னார். "நீ இல்லைப் பிள்ளை. றப்பரை மண்ணெண்ணெயிலை ஊறவிட்டவன் நான். உன்ர அம்மா மணக்குதெண்டு கேட்டவ. நான்தான் வாய் காட்டினனான்."

சுஜானி அழுகையை நிற்பாட்டி அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு அவர் முகம் கொடுக்கவில்லை. கோபப்படுவாள். இன்றைக்கோ நாளைக்கோ நல்லாய்க் கோபப்படுவாள். அதற்கு அவளுக்கு உரிமை இருந்தது.

செசீலியா பிளாஸ்கைத் திறந்து தேத்தண்ணி ஊற்றி அவரிடம் நீட்டினாள். வாங்கினார். கோப்பை பாதிக்கு மேல் சட்டையில் சிந்தியது.

"குளிருதோ?" என்று கேட்டாள்.

"இல்லை," என்றார். "பயமாக் கிடக்கு, செசீலியா. இன்னும் பயமாக் கிடக்கு."

அவள் கோப்பையை அவர் கையிலிருந்து வாங்கித் தானே அவர் வாயில் பிடித்தாள். பின்னால் சிவலிங்கம், பொலிஸ்காரனுக்குத் தேங்காய் ஏன் என்று விளங்கப்படுத்தத் தொடங்கியிருந்தான்.